சி5, பதினாறு தூண்கள்

ஜூலை 3, புதன்

இன்றிலிருந்து எல்லாவற்றையும் எழுதி வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். போல்ட் விற்கும் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி, அரை வருஷமாக அலமாரியில் சும்மா கிடந்தது. நாளைக்கு யாராவது "நீங்கதானே பாத்துட்டு இருந்தீங்க, ஏன் சொல்லலை" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்று வேண்டும். இந்தக் காலத்தில் வாய்ப்பேச்சை யார் நம்புகிறார்கள்.

விஷயம் இதுதான். காலையில் ஆபீஸ் வந்து மாடலைத் திறந்தால் சி19 என்ற தூணைக் காணவில்லை.

இதைப் படிப்பவர் எங்கள் தொழிலில் இல்லாதவராக இருக்கலாம், போலீஸ்காரராகக்கூட இருக்கலாம். அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இரும்புக் கட்டடம் என்றால் முதலில் அதைக் கம்ப்யூட்டருக்குள் முழுசாகக் கட்டிவிடுவோம். தூண், உத்திரம், தகடு, போல்ட் ஓட்டை உட்பட எல்லாம். அதன்பிறகு எண் போடும் கட்டளையை அழுத்தினால் மென்பொருளே ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுக்கும். அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பவற்றுக்கு ஒரே எண். ஓர் ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் வேறு எண். அந்த எண்ணோடு டிராயிங் திருச்சிப் பட்டறைக்குப் போகும். அங்கே இரும்பை வெட்டி, அதன்மேல் அதே எண்ணை அடித்து, ஓசூருக்கு லாரி ஏற்றுவார்கள். ஓசூரில் கட்டுவது ஒரு பெரிய கிடங்கு. அங்கே கிரேன்காரனுக்குத் தெரிந்தது எண் மட்டும்தான்.

நேற்று வரை சி5 பதினைந்து, சி19 ஒன்று. இன்று சி5 பதினாறு. யாரோ என் தூணைத் தொட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ, பெனிட்டாதான். தூத்துக்குடிப் பெண், சென்னையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள், மே மாதம் இங்கே கோயம்புத்தூரில் சேர்ந்தாள். நான் கட்டுவதைச் சரிபார்ப்பதற்கென்று எடுத்திருக்கிறார்கள். பதினெட்டு வருஷமாக நான் கட்டியதை நானேதான் சரிபார்த்தேன், ஒரு கட்டடமும் விழவில்லை. ஜூலை 31 வரை அவளுக்குத் தகுதிகாண் காலம். அன்றைக்கு அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முதலாளி திருமூர்த்தி சார் முடிவு செய்வார். மாடலிங் பிரிவுக்கு நான்தான் தலைவன் என்பதால் என் கருத்தைக் கேட்டுத்தான் செய்வாராம். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

வீட்டில் தேங்காய் எண்ணெய் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

டீ நேரத்தில் நேராகவே கேட்டேன், சி19 எங்கே என்று.

"அதுவா அண்ணே, அடித்தகட்டுல ஒரு ஓட்டை ரெண்டு எம்எம் தள்ளி இருந்துச்சு. அதான் தனி நம்பரா நின்னுச்சு. சரி பண்ணிட்டேன், இப்ப பதினாறும் ஒண்ணுதான்" என்றாள். சொல்லிவிட்டு வடையை எடுத்துக் கடித்தாள். குற்றம் செய்தவர்கள்தான் இவ்வளவு சாதாரணமாக இருப்பார்கள்.

நான் அந்த ஓட்டையை அங்கே வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. என்ன காரணம் என்பது இந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன். "என்னோட பீஸைத் தொடறதுக்கு முன்னாடி எங்கிட்டக் கேக்கணும்" என்று சொன்னேன். "கேட்டேம்லா அண்ணே, நீங்க போன்ல இருந்தீங்க, தலைய ஆட்டுனீங்க" என்றாள். நான் போனில் பேசும்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சி5 பதினாறுக்கும் டிராயிங் இன்று திருச்சி போய்விட்டது. மற்றபடி ஒரு சில்லறை வேலை. ஓசூர்க்காரர்களின் ஆலோசகர் அனுப்பிய அமைப்புக் கோப்பை மாடலில் ஏற்றினேன். எண் எப்படிப் போட வேண்டும் என்பதற்கு அவர்களுக்கென்று தனி விதிகளாம். கூடவே ஒன்பது பக்க விளக்கம். இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கிறேன், எப்போதும் உள்ளதுதான் இருக்கும். பெனிட்டாவுக்கு அனுப்பிவிட்டேன், படிக்கட்டும்.

ஜூலை 8, திங்கள்

சும்மா சந்தேகப்படுகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அதனால் எண்ணெய் பாட்டில் முறையையே இங்கேயும் செய்துவிட்டேன்.

மாடலில் ஒவ்வொரு துண்டுக்கும் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. எதை வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். டிராயிங்கில் வராது, யாரும் திறந்து பார்ப்பதும் இல்லை. சாயங்காலம் எல்லோரும் கிளம்பியபின், வடக்கு வரிசையில் இருக்கும் ஏழு சி5 தூண்களின் குறிப்புக் கட்டத்தில் ஓர் அடையாளம் வைத்தேன். அவள் அடுத்துத் தொடப்போவது அந்த வரிசையைத்தான். தொட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

பஸ்ஸில் வரும்போது மனசு லேசாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

மாட்டிக்கொண்டாள்.

பெனிட்டாதான் காலையில் முதலில் வருவாள், வந்ததும் எண் போடும் கட்டளையை ஓட்டுவாள். நான் வந்து பார்க்கிறேன்: சி5 ஒன்பதுதான் இருக்கிறது. மிச்சம் ஏழு தூணும் சி21 என்று புது எண் வாங்கி நிற்கின்றன. எந்த ஏழு? நான் அடையாளம் வைத்த அதே ஏழு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. பதினாறில் சரியாக அந்த ஏழைத் தேடிப் பிடித்துக் கை வைத்திருக்கிறாள். இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

ஆனால் என்ன மாற்றினாள் என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓட்டை அளந்தேன், தகடு அளந்தேன், நீளம் அளந்தேன். எல்லாம் சி5 மாதிரியே இருக்கிறது. கெட்டிக்காரி. எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்திருக்கிறாள்.

ஜூலை 10, புதன்

அடையாளங்களைக் காணவில்லை. ஏழு கட்டங்களும் காலி. எண்ணும் மறுபடி சி5 பதினாறு என்று சேர்ந்துவிட்டது. தடயத்தை அழித்திருக்கிறாள்.

சாயங்காலம் மறுபடி வைத்தேன். இந்தத் தடவை அடையாளத்தை மாற்றினேன்.

ஜூலை 11, வியாழன்

மத்தியானம் கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, அந்தக் குறிப்புக் கட்டத்துல யாரும் ஒண்ணும் எழுதக் கூடாதுண்ணே. அந்த ஒம்பது பக்க விளக்கத்துல, ஏழாம் பக்கத்துல போட்டிருக்கு, பாத்தீங்களா?"

"நான் எதுவும் எழுதறதில்லையே" என்றேன்.

என்னையே பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் மாதிரி இருந்தது. பிறகு "சரிண்ணே" என்று சொல்லி டப்பாவைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். மடியில் கனம் இல்லாதவள் அந்தக் கட்டத்தை ஏன் திறக்கிறாள்? பதினெட்டு வருஷத்தில் நானே அதைத் திறந்தது இந்த வாரம்தான். அப்படியென்றால் யாராவது பொறி வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தே வந்திருக்கிறாள். அதிலும் ஏழாம் பக்கம், எட்டாம் பக்கம் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள்.

ஜூலை 13, சனி

விடுமுறை. தண்ணீர்த் தொட்டி கழுவினேன். மேல் வீட்டுக்காரர்கள் எங்கள் மோட்டாரில் நீர் ஏற்றுகிறார்களோ என்று மீட்டரைக் குறித்து வைத்தேன். அவர்கள் ஊரில் இல்லை என்று என் மனைவி பூங்கொடி சொன்னாள். அப்படியானால் மீட்டர் ஏன் ஓடுகிறது என்று கேட்டேன். நாம் இருக்கிறோமே என்றாள்.

எண்ணெய் பாட்டிலைக் கையில் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"ஏனுங்க, இது என்னங்க கோடு?"

"எவ்வளவு செலவாகுதுன்னு பாக்கறதுக்கு."

"கோட்டுக்குச் சரியா நான் தண்ணி ஊத்தி வெச்சா என்ன பண்ணுவீங்க?" என்று சிரித்தாள். "மிக்சர் டப்பாவுலயும் கோடு போடோணும்னா பேனாவ அங்கயே வெச்சுப் போடுங்க."

சிரிப்பு என்றாலும் அந்த யோசனை அவளுக்கு வந்திருக்கிறது என்பதைக் கவனித்தேன்.

ஜூலை 15, திங்கள்

வெள்ளிக்கிழமை போகும்போது வைத்த அடையாளம் வேலை செய்துவிட்டது. காலையில் மறுபடி அதே ஏழு தூண்கள் சி21.

இன்றைக்குத் திருச்சிக்கு அடுத்த கட்டு டிராயிங் போக வேண்டிய நாள். பட்டியலில் சி21, ஏழு என்று இருந்தது. அனுப்ப உட்கார்ந்தேன். பெனிட்டா எழுந்து என் மேசைக்கே வந்தாள்.

"அண்ணே, இன்னைக்கு அனுப்பாதீங்க. அந்த இருவத்தொண்ணு நிசமான நம்பரே கிடையாது. அது சி5தான். எனக்கு அரை மணி நேரம் குடுங்க, நான் கிளியர் பண்ணிட்டுச் சொல்லுதேன்."

எதைக் கிளியர் பண்ணப் போகிறாள்? தடயத்தைத்தானே. இந்த டிராயிங் போய்விட்டால் அவள் செய்தது ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் பதறுகிறாள். மென்பொருள் தனியாக எண் கொடுத்திருக்கிறது என்றால் அந்தத் தூணில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது, அதை அவள்தான் செய்தாள், வித்தியாசமான தூணைச் சி5 என்று அனுப்பினால் ஓசூரில் போல்ட் உட்காராது. நான் நியாயமாகத்தான் யோசித்தேன்.

"மாடல்ல இருக்கறத நான் அனுப்பறேன்" என்றேன்.

"அண்ணே, கேளுங்கண்ணே."

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஜூலை 16, செவ்வாய்

எண்கள் மறுபடி சேர்ந்துவிட்டன, அடையாளம் இல்லை. பெனிட்டா இன்று என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. சாயங்காலம் வழக்கம்போல.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. சரியான காற்று, ஜன்னல் கதவு நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது. பெனிட்டாவின் மகள் ஆபீசுக்கு வந்திருந்தாள், பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். நான்கு வயது இருக்கும். இரண்டு வருஷம் அவளைத் தூத்துக்குடியில் மாமியாரிடம் விட்டுவிட்டு, இவள் சென்னையிலும் புருஷன் இங்கேயுமாக இருந்தார்களாம். இந்த வேலை கிடைத்தபிறகுதான் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஜூனில்தான் பீளமேட்டில் எல்.கே.ஜி. சேர்த்தார்கள். ரிசப்ஷனில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாளோ என்று தோன்றியது. எல்லோருக்கும்தான் குடும்பம் இருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

திருச்சிப் பட்டறை ஃபோர்மேன் பக்கிரிசாமி காலையிலேயே போன் செய்தார். திருமூர்த்தி சார் அறையில், ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். நான், சார், பெனிட்டா.

"சார், சி21ன்னு ஏழு தூண் அடிச்சு பெயிண்டும் பண்ணியாச்சு. லோடு ஏத்தலாம்னு லேஅவுட் ஷீட்டப் பாத்தா அப்புடி ஒரு நம்பரே காணும். சி5 பதினாறுதான் இருக்கு, அது பதினாறும் அப்பவே பண்ணி அனுப்பிட்டோம். இந்த ஏழையும் நான் எங்கங்க கொண்டுபோயி நிறுத்துறது?"

கட்டடத்தில் இடமே இல்லாத ஏழு தூண்கள். ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். சார் முகம் எப்படி இருந்தது என்று எழுதத் தேவையில்லை.

போனை வைத்ததும், "யாருங்க இந்தச் சி21 போட்டது?" என்றார்.

பெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் டிராயிங்கைப் பார்த்தேன். அவளாகவே சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் முகம் சிவந்துபோயிருந்தது. பிறகு, "சார், நான் அண்ணன்கிட்டத் தனியாப் பேசணும்" என்றாள். எதற்குத் தனியாக? இங்கே சொல்ல முடியாததா?

"தினமும் காலைல எண்ணு மாறுதுங்க சார். முதல்ல வர்றது அவங்கதான். என் பீஸை எங்கிட்டக் கேக்காமத் தொடறாங்க. தேதி வாரியா எழுதி வெச்சிருக்கறனுங்" என்றேன்.

"எம்மா, நீ தொட்டியா?" என்று சார் கேட்டார்.

"தொட்டேன் சார். சரி பண்றதுக்குத்தான் தொட்டேன்."

"என்னத்தச் சரி பண்ணுன?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். சாருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

பெனிட்டாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். 31ஆம் தேதி வந்து கடிதம் வாங்கிக்கொண்டால் போதுமாம். லேப்டாப்பைச் சார் அறையில் கொடுத்துவிட்டு, மேசையில் இருந்த மகள் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் உண்மையைத்தான் சொன்னேன்.

ஜூலை 24, புதன்

ஆபீஸ் அமைதியாக இருந்தது. உத்திரங்களுக்கு முனைத்தகடு போட்டு முடித்தேன். மத்தியானம் வரைக்கும் நிம்மதி. அதன்பிறகு ஒரு யோசனை: வேலை போகப்போகிற கோபத்தில் அவள் வீட்டிலிருந்தே மாடலுக்குள் நுழைந்தால்? பாஸ்வேர்ட் தெரியும். செய்ய மாட்டாள் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

போகும்போது ஏழு தூண்களிலும் அடையாளம் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஜூலை 25, வியாழன்

சொன்னேன் அல்லவா. காலையில் நானே எண் போடும் கட்டளையை ஓட்டினேன். சி5 ஒன்பது, சி21 ஏழு. வீட்டிலிருந்தே செய்திருக்கிறாள். எவ்வளவு துணிச்சல்.

ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன். அவர் மேசையை விட்டு எழவே இல்லை. "அந்தப் புள்ளையோட லாகின் செவ்வாக்கிழமையே எடுத்தாச்சுங்களே மகுடேஸ்வரன். லேப்டாப்பும் எம்பட பீரோவுல கெடக்குது. நேத்து மாடல்ல இருந்தது நீங்க ஒருத்தருதானுங்" என்றார்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 26, வெள்ளி

எல்லோரும் டீக்குப் போனபோது தலைவலி என்று சொல்லி நான் போகவில்லை.

ஒரு தூணை எடுத்துக்கொண்டேன். அதன் அளவு எதையும் தொடவில்லை. குறிப்புக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன். எண் போடச் சொன்னேன். அந்தத் தூண் சி5 கூட்டத்திலிருந்து பிரிந்து தனி எண் வாங்கியது. புள்ளியை அழித்தேன். மறுபடி எண் போடச் சொன்னேன். சி5 ஆகிவிட்டது. இன்னொரு தூணில் செய்தேன், அதுவும் அப்படியே. உத்திரத்தில் செய்தேன், அதுவும் அப்படியே.

ஒன்பது பக்க விளக்கத்தைத் திறந்தேன். ஏழாம் பக்கம். இந்தத் திட்டத்தில் சில தூண்களுக்கு மட்டும் தீத்தடுப்புப் பெயிண்ட் உண்டு, அது பிற்பாடு எங்களால் குறிப்புக் கட்டத்தில் எழுதப்படும், எனவே குறிப்பில் ஓர் எழுத்து மாறினாலும் துண்டுக்குத் தனி எண் வரும்படி அமைத்திருக்கிறோம் என்று போட்டிருக்கிறது. கட்டம் கட்டி, தடித்த எழுத்தில்.

சாயங்காலம் அடையாளம் வைக்கவில்லை.

ஜூலை 27, சனி

வேறு ஒருவராக இருந்தாலும் இந்த விளக்கத்தை அன்றைக்குப் படித்திருக்க மாட்டார். அந்த அமைப்பே வழக்கத்துக்கு மாறானது. அனுப்பும்போதே ஆலோசகர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பூங்கொடி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "அந்தத் தூத்துக்குடிப் புள்ள என்னாச்சுங்க? வந்த நாள்ல இருந்து அவளப் பத்தியேதான் பேசிட்டிருந்தீங்க. ரெண்டு மூணு நாளா பேச்சே காணோம்."

"லீவுல இருக்கா."

"வேலையில இருந்து தூக்கிட்டாங்களா?"

நான் பேப்பர் படித்தேன்.

"நீங்க சொல்லித்தான் தூக்குனாங்களா?" என்றாள். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ என்னமோ தப்புப் பண்ணுனான்னு இத்தன நாளாச் சொன்னீங்களே, அது பண்ணுனாதானுங்களா?"

"அது ஒரு டெக்னிக்கல் விஷயம், உனக்குப் புரியாது" என்றேன்.

"எனக்குப் புரியறது இருக்கட்டும். உங்க மூஞ்சி நல்லா இல்லைங்க."

ராத்திரி சாப்பிடும்போது எனக்கு அந்தக் குழந்தையின் முகம் ஞாபகம் வந்தது. ரிசப்ஷனில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

ஜூலை 29, திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன். அதாவது, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஓசூர்க்காரர்கள் கொடுத்த அமைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது, குறிப்புக் கட்டத்தில் ஏதாவது இருந்தால் எண் பிரிகிறது, சி21 அப்படித்தான் வந்தது என்றேன்.

அவர் யோசித்தார். "அந்த வெளக்கத்த யாருங்க படிச்சது?"

"பெனிட்டாவுக்கு அனுப்பினனுங்."

"அப்பறம் என்னங்க. படிச்சுட்டும் கண்டுபுடிக்கலைன்னா செக்கர்னு எதுக்கு ஒருத்தி? கண்டுபுடிச்சுட்டுச் சொல்லாம இருந்தா அது இன்னும் மோசம். நான் கூட ஒரு நிமிசம் அந்தப் புள்ள மேல தப்பில்லையோன்னு நெனச்சேன். இப்பத்தான் மனசுக்குத் தெளிவாச்சுங்." கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிப் போனை எடுத்தார்.

அவளைக் காப்பாற்றப் போய் இன்னும் அழுத்திவிட்டு வந்திருக்கிறேன். அந்த இடத்திலேயே வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என் மேசைக்கு வந்து ஒரு மணி நேரம் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷம், இந்த நாற்காலி, தலைவன் என்ற பெயர். எல்லாம் போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

ஜூலை 30, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சார் வருவதற்கு முன்னாலேயே அவர் அறை வாசலில் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. "சார், அந்தக் குறிப்புக் கட்டத்துல எழுதினது நானுங். அவங்களப் புடிக்கறதுக்காக எழுதினேன். அவங்க தினமும் அதை அழிச்சு எண்ணைச் சரி பண்ணியிருக்காங்க. சி21ஐ அனுப்ப வேண்டாம்னு எங்கிட்டச் சொன்னாங்க. அதனாலயே அனுப்பினேன்" என்றேன்.

"என்னங்க எழுதினீங்க?"

"சும்மா ஒரு அடையாளமுங்."

"ஏழு தூணுங், மகுடேஸ்வரன். ஒரு புள்ளையோட பொழப்பு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாடலிங் பிரிவை இனிமேல் பெனிட்டா பார்த்துக்கொள்வாளாம், அவள் வர ஒத்துக்கொண்டால். நான் அவளுக்குக் கீழே இருந்து மாடல் கட்டலாம், இஷ்டம் இருந்தால். பக்கிரிசாமிக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னேன். அந்த மனிதர், "அட விடுங்க சார், வேற வேலையில ஏதாவது பொருத்திப் பாக்குறேன்" என்றார். அதைக் கேட்டுத்தான் அழுகை வந்தது.

பூங்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரசத்தைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள்.

ஜூலை 31, புதன்

பெனிட்டா வந்தாள். சார் அறைக்குள் அரை மணி நேரம் இருந்தாள். வெளியே வந்து நேராக என் மேசைக்கு வந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார் சொன்னாவ. நீங்களாத்தான் வந்து சொன்னீங்கன்னு."

"மன்னிச்சிரும்மா" என்றேன். அந்த வார்த்தை வருவதற்கு ரொம்ப சிரமமாக இருந்தது, எழுதும்போதும் இருக்கிறது.

"ஏன் அன்னைக்கு அவர்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். "நான்தான் எழுதறேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். யார் எழுதுனாவன்னு அதுல காட்டும்லா." கையில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்ககிட்டச் சொல்லிப் பாத்தேன். எழுதலன்னு சொல்லிட்டீங்க. சார்கிட்டச் சொல்லணும்னா ஸ்கிரீனத் தொறந்து காட்டணும் அண்ணே. அத அவரு சத்தமா வாசிப்பாரு. எனக்கு முன்னால. ரிசப்ஷன் வரைக்கும் கேக்கும். என்னைய நிக்க வெச்சுட்டு அந்த வார்த்தைய வாசிக்கத எனக்குக் கேக்க முடியாது. வேலையே போனாலும் பரவாயில்லன்னு இருந்துட்டேன்."

நான் தலையைத் தூக்கவில்லை.

"அடையாளம்னு சொன்னீங்களாம் சார்கிட்ட. நானும் ஆமான்னுட்டேன்." எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் வைத்தாள். "தினம் காலையில வந்து, ஏழு தூண்லயும் அத ஒண்ணொண்ணா அழிச்சிட்டுத்தான் அண்ணே நான் வேலைய ஆரம்பிச்சேன்."

அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள். இந்த டைரியில் நான் ஒவ்வொரு முறையும் அடையாளம் என்றுதான் எழுதியிருக்கிறேன். முதல் நாள் மட்டும்தான் அது அடையாளம், வெறும் ஒரு கோடு. இரண்டாவது நாளிலிருந்து ஆங்கில எழுத்தில் 'திருடி' என்று தட்டச்சு செய்தேன். ஏழு தடவை, ஒவ்வொரு சாயங்காலமும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பெனிட்டா என் உத்திரங்களைச் சரிபார்த்து மூன்று பிழை கண்டுபிடித்தாள். மூன்றும் பிழைதான். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டு, காட்டி, கேட்டுவிட்டுத்தான் திருத்தினாள்.

மத்தியானம் அவள் மகளை அழைத்துவரப் போயிருந்தபோது மாடலைத் திறந்து, நான் கட்டிய துண்டுகளின் குறிப்புக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்னைப் பற்றி அவள் ஏதாவது எழுதியிருப்பாள் என்று தேடினேன். தூண், உத்திரம், தகடு, ஒன்று விடாமல் பார்த்தேன். எழுதியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

எல்லாம் காலியாக இருந்தன.